கொக்கின் தொண்டையில் ஒரு ஜன்னல்

வக்கீலம்மா அங்கியைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் போட்டபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. அதைத்தான் அங்கியக்கா முதலில் கவனித்தாள். கோபப்படுகிற வாடிக்கையாளர் சத்தம் போட்டுவிட்டு மறுபடி வருவார். பாவப்படுகிறவர் வரமாட்டார்.

"வலது கையைப் பாருங்கக்கா."

பார்த்தாள். குழல்விளக்கின் அடியில் இரண்டு கையும் ஒரே கறுப்பாகத்தான் இருந்தன.

"இங்க தெரியாது. கீழ வாங்க."

படியிறங்கித் தெருவுக்கு வந்து, வக்கீலம்மா அங்கியை வெயிலில் விரித்துப் பிடித்தார். உடம்பும் இடது கையும் கரிபோல் அடங்கிக் கிடக்க, வலது கை மட்டும் காக்கைச் சிறகாய்ப் பளபளத்தது. துணியின் உள்பக்கத்தை வெளியே வைத்துத் தைத்திருந்தாள் அங்கியக்கா.

"நேத்து சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ணிட்டிருந்தேன். வசமா மாட்டினான்னு கையை நீட்டிக் கேக்கறேன், நீதிபதி சாட்சியை விட்டுட்டு என் கையையே பாக்கறார். 'ரெண்டு பேரோட அங்கியைச் சேத்துப் போட்டிருக்கீங்களாம்மா'ன்னு கேட்டார். கோர்ட்டே சிரிச்சுது. சிரிச்சு முடிக்கறதுக்குள்ள சாட்சி சுதாரிச்சுட்டான்."

"பிரிச்சுத் தைச்சுத் தரேன். நாளைக்கே வாங்கிக்கலாம்."

"அதுக்கில்லக்கா. உங்க கண்ணு..."

"என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல," என்றாள் வெடுக்கென்று. "வெளிச்சத்துக்குத்தான் கேடு."

அந்த ஊர் நீதிமன்றத்தில் வாதாடுகிறவர்களில் பாதிப் பேருக்குமேல் அவள் தைத்த அங்கிதான் போட்டிருந்தார்கள். அதனால் வந்த பெயர்தான் அங்கியக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அங்கி தைப்பது பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத வேலை. முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, மடிப்பு மடிப்பாக நெருக்கிச் சுருக்கி, கையால் தையல் போட வேண்டும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல். மேலேயிருந்து விழுகிற விளக்கு வெளிச்சத்தில் துணி எது, நூல் எது என்று ஒன்றும் பிடிபடாது; கிணற்றுக்குள் எறும்பைத் தேடுகிற கதைதான். பக்கவாட்டிலிருந்து பகல் வெளிச்சம் வந்தால், நூல் ஒரு மினுக்கு மினுக்கும். அந்த மினுக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஊசி அடுத்த இடத்துக்குப் போகும். துணியின் முகம் எது, முதுகு எது என்பதும் அந்த வெளிச்சத்தில்தான் தெரியும்.

அவளுடைய அறையில் அப்படி ஒரு ஜன்னல் இருந்தது. வடக்குப் பார்த்தது. வெயில் உள்ளே வராது, வெளிச்சம் மட்டும் வரும். அந்த ஜன்னலின் மேல்தான் இப்போது கொக்கு நின்றது.

கொக்கு வந்த கதையைச் சொல்வதற்கு முன் அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இளவயதில் சீருடை தைக்கிற தொழிற்சாலை ஒன்றில் இருந்தாள். அங்கே கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் மேற்பார்வையாளரிடம் ஒரு மரக்கட்டையை வாங்கிக்கொண்டு போக வேண்டும். கூடம் நிறையப் பெண்கள், கட்டை ஒன்றுதான். ஒருநாள் கட்டையை வாங்கிக்கொண்டு போனவள் கழிப்பறையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, பேருந்தேறி வீட்டுக்கே வந்துவிட்டாள். மறுநாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை. இஸ்திரி போட்ட சூட்டோடு மடிப்பின்மேல் அழுத்தி வைக்க நல்ல கனமான கட்டை அது. இன்றைக்கும் அவளிடம்தான் இருக்கிறது. கல்யாணம் என்று ஒன்றும் நடந்தது, நிலைக்கவில்லை. கணவர் நல்லவர்தான், அம்மா சொல்லைத் தட்டாதவர். இவள் தட்டுகிறவள்.

அப்பா கட்டிய இரண்டு மாடிக் கட்டடம் அண்ணனுக்கும் தங்கைக்கும் பாதிப்பாதி. கீழே அண்ணனின் சாவி வெட்டும் கடை, அதன் பின்னால் அவர் குடும்பம். மேலே அவளுடைய தையலறையும் ஒரு படுக்கையறையும். ஒருநாள் ஓவியர் ஒருவர் நகராட்சிக்காரர்களோடு வந்து எதிர்ப் பக்கத்து நடைபாதையில் நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்து அவர்கள் சுவரைப் பார்த்தார். இவ்வளவு பெரிய சுவர் இந்த ஊரிலேயே இல்லை என்றார். சாவிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "இந்த ஒரு ஓட்டை மட்டும் இல்லேன்னா," என்று ஓவியர் ஜன்னலைக் காட்டினாராம். அப்போது அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள், அங்கியக்கா அவள் கட்டில் பக்கத்திலேயே இருந்தாள். அண்ணன் அங்கே வந்து, "ஜன்னலைக் கொஞ்ச நாளைக்கு அடைச்சுக்கலாமா? பெயிண்டு ரெண்டு மழைக்கு மேல தாங்காதாம், அப்புறம் திறந்துக்கலாமாம்," என்றார். அம்மாவின் வாயில் கஞ்சியை ஊட்டிக்கொண்டே, சரி என்று தலையாட்டினாள். வாழ்க்கையில் யோசிக்காமல் ஆட்டிய தலை அது ஒன்றுதான். அதுவும் போதுமானதாக இருந்தது.

ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, சுவர் முழுக்க ஒரு கொக்கை வரைந்துவிட்டுப் போனார்கள். அம்மா போய்ச் சேர்ந்தாள். பெயிண்டு போகவில்லை. மழை வந்தது, போனது. கொக்கு குளித்து முடித்த மாதிரி நின்றது. வெளுக்க ஆரம்பிக்கிறது என்று அவள் நம்பிக்கை வைத்த நேரத்தில் நகராட்சி வந்து மேலே மெருகெண்ணெய் பூசிவிட்டுப் போனது. அவளும் எப்படியெப்படியோ சமாளித்தாள். மொட்டைமாடியில் தைத்துப் பார்த்தாள். காற்றில் வந்த தூசியெல்லாம் கறுப்புத் துணியில் வந்து உட்கார்ந்தது, புறாக்கள் வேறு. படிக்கட்டின் அடியில், அண்ணன் கடை வாசலோரம் உட்கார்ந்து பார்த்தாள்; பூட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களெல்லாம் துணியை மிதித்தார்கள். கண் இளையதாக இருந்தவரை அறைக்குள் இருட்டோடு மல்லுக்கட்டினாள். இப்போது கண்ணும் கையை விரித்தது.

வக்கீலம்மா போனதும் நேராக அண்ணன் கடைக்குள் போனாள்.

"அண்ணா, ஜன்னலைத் திறக்கணும்."

சாவிக்காரர் ஒரு சாவியின் பல்லை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "எந்த ஜன்னல்?"

அங்கியக்கா விரலால் மேலே காட்டினாள். அவர் நிமிர்ந்து பார்த்தார், புரிந்தது.

"கொக்கோட தொண்டையிலயா? விளையாடறியா நீ?"

"கொக்குக்குத் தொண்டை வர்றதுக்கு முன்னாடி எனக்கு ஜன்னல் இருந்துச்சு."

"ஊரே வந்து பாக்கற சுவரும்மா. மஞ்சக் காலடி போட்டு என் கடை எதிர்ல கொண்டுவந்து நிறுத்தியிருக்காங்க. அப்பா கட்டின சுவரு, ஒன்பதாவது நிறுத்தம். எட்டாவது நிறுத்தம் எதுன்னு தெரியுமா? பொதுக் கழிப்பிடம். அந்தச் சுவருக்காரனே நெஞ்சை நிமித்திட்டுத் திரியறான்."

"திரியட்டும். எனக்கு வெளிச்சம் வேணும்."

"நல்ல விளக்கா ஒண்ணு வாங்கித் தரேன்."

"நீ வாங்கித் தந்த விளக்குலதான் வக்கீலம்மாவோட கையைத் திருப்பித் தைச்சேன்."

"அப்ப கறுப்பை விட்டுடேன். வெள்ளைத் துணி தையி. ஆஸ்பத்திரிக் கோட்டு, அது இதுன்னு எவ்வளவு இருக்கு."

"நீ சாவி வெட்டறதை விட்டுட்டுப் பூட்டு மட்டும் வித்துக்கோயேன்."

உள்ளேயிருந்து அண்ணியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. சாவிக்காரர் உள்பக்கம் ஒரு முறை முறைத்துவிட்டு, "சொன்னா கேக்க மாட்டா. ஒத்தக்கால்ல நிக்கறா," என்றார்.

"கொக்கும் அப்படித்தான நிக்குது. அதை மட்டும் ஊரைக் கூட்டிக் காட்டற."

மஞ்சள் காலடி என்று அவர் சொன்னது நகராட்சி போட்ட கலை நடைப் பாதை. ஊரில் அங்கங்கே இருக்கிற சிலைகளையும் சுவரோவியங்களையும் யார் துணையும் இல்லாமல் அவரவரே நடந்து பார்க்க, நடைபாதையில் மஞ்சள் பெயிண்டில் பாதச் சுவடுகள் போட்டு, நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஒரு தகடு அடித்திருந்தார்கள். தகட்டின்மேல் கைபேசியைக் காட்டினால் ஒரு பெண் குரல் விளக்கம் சொல்லும். அந்தக் குரல் நாள் முழுக்கக் கீழேயிருந்து அவள் அறைக்குள் கேட்கும். செங்கல்லைத் தாண்டி வருவதால் சொல் தெரியாது, ராகம் மட்டும் தெரியும். அந்த ராகத்துக்கு அவள் தையல் மிஷின் மிதிக்கக்கூடப் பழகியிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி மேலே வந்தாள். "உங்கண்ணன் வாயால கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. இந்த நடை நடைங்கறாங்களே, ஒரு தடவை நாமளும் நடந்து பாத்துட்டு வந்துடலாம் வா. பாக்காமலே சண்டை போட்டா நல்லாவா இருக்கும்?"

அது நியாயமாகப் பட்டது. அண்ணியின் கைபேசியோடு இருவரும் பேருந்து நிலையத்திலிருந்து தொடங்கினார்கள். முதல் நிறுத்தத்தில் பழைய இயந்திரச் சாமான்களை ஒட்டவைத்துச் செய்த இரும்புக் குதிரை. ஊரின் உழைப்பைச் சொல்கிறது என்றது குரல். அண்ணி குனிந்து குதிரையின் வயிற்றுக்குள் பார்த்து, "நம்ம வீட்டுப் பழைய மோட்டாரை உங்கண்ணன் எடைக்குப் போட்டாரே, அது மாதிரியே இருக்கு," என்றாள். நீரூற்றில் உடைந்த ஓடுகளைப் பதித்த மீன்கள். நூலகத்து வாசலில் கல்லில் ஒரு பெண் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் தோளில் நல்ல வெளிச்சம் விழுவதை அங்கியக்கா கவனித்தாள்.

ஐந்தாவது நிறுத்தம் முடிதிருத்தகத்தின் இரும்புக் கதவு. சுருட்டி ஏற்றுகிற அந்தக் கதவின்மேல் ஒரு மரம் வரைந்திருந்தார்கள். கதவை இறக்கினால்தான் மரம் தெரியும். கடைக்காரர் கடைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"கடை இல்லையா இன்னிக்கு?" என்று அண்ணி கேட்டாள்.

"இருக்கும்மா. லீவு நாள்ல மதியம் வரைக்கும் கதவை இறக்கியே வைக்கச் சொல்லியிருக்காங்க. நடைக்கு ஆள் வருவாங்கல்ல." அவர் மரத்தைத் திரும்பிப் பார்த்தார். "பெருமைதான். தாடிங்கதான் எல்லாம் அடுத்த தெருவுக்குப் போயிடுது."

"மாட்டேன்னு சொல்றதுதான," என்றாள் அங்கியக்கா.

"எப்படிங்க சொல்றது? நல்லா வரைஞ்சிருக்காங்களே."

வழி நெடுக அந்தப் பதில் அவளோடு வந்தது. ஏனென்றால் ஒன்பதாவது நிறுத்தத்தில், தன் வீட்டுக்கு எதிரே மஞ்சள் பாதங்களின்மேல் தன் பாதங்களை வைத்து நிமிர்ந்து பார்த்தபோது, கொக்கும் நன்றாகத்தான் இருந்தது. இத்தனை நாள் அவள் அதைக் கடந்து போயிருக்கிறாளே தவிர நின்று பார்த்ததில்லை. சாம்பல் நிற விடியலில், முழங்கால் தண்ணீரில், ஒற்றைக் காலில் அது நின்றது. கழுத்து மட்டும் இரண்டு ஆள் உயரம். மீனை விழுங்குவதற்கு முந்தைய நொடி போல அந்தக் கழுத்தில் ஒரு இறுக்கம். இறகு இறகாக எழுதியிருந்தார் மனுஷர். மோசமாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அண்ணி தகட்டில் கைபேசியைக் காட்டினாள். ராகம் மட்டும் கேட்டுப் பழகிய குரல் முதல் தடவையாகச் சொல்லோடு கேட்டது. "கேட்பாரற்றுக் கிடந்த இந்த வெறுஞ்சுவருக்கு உயிர் கொடுத்திருக்கிறார் ஓவியர்."

"இன்னொரு தடவை போடுங்க அண்ணி."

அண்ணி போட்டாள்.

"வெறுஞ்சுவராம்," என்றாள் அங்கியக்கா. "கேட்பாரற்றுக் கிடந்துச்சாம். நான் அங்க உக்காந்து தைச்சிட்டிருந்தது இவங்க கண்ணுக்குத் தெரியல."

பக்கத்தில் வரைபடத்தோடு நின்ற ஒரு தம்பதி கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அந்தக் கழுத்தைப் பாரேன், என்ன உயிரோட்டம்," என்றாள் மனைவி.

"அந்தக் கழுத்துக்குப் பின்னாடி என் தையல் மிஷின் இருக்கு," என்றாள் அங்கியக்கா.

அவர்கள் அவளைப் பார்த்து, பேருந்தில் தனக்குத்தானே பேசுகிறவரைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி சிரித்துவிட்டு, பத்தாவது நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

நகராட்சியில் கலை நடையைக் கவனித்துக்கொண்ட அலுவலர் இளம்பெண். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், முழுசாகக் கேட்டார். விரட்டி அடித்திருந்தால் அங்கியக்காவுக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

"உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா சரியா கழுத்துல வருதே. கொஞ்சம் தள்ளி, தண்ணிப் பக்கம் எங்கயாவது ஜன்னல் வச்சுக்க முடியாதா?"

"தண்ணிப் பக்கம் எங்கண்ணன் கடை."

"மேல கூரையில?"

"மேல தண்ணித் தொட்டி."

அலுவலர் ஓவியரைக் கைபேசியில் பிடித்தார். அவர் இப்போது வேறு நாட்டில் இருந்தார். அலுவலர் வாசலோரம் போய் நின்று மெதுவான குரலில் நெடுநேரம் பேசிவிட்டு வந்தார். "கழுத்துதான் படத்தோட உயிராம். அதுல கை வச்சா அது தன்னோட படமே இல்லைங்கறார்."

"ரெண்டு மழைக்குத்தான் தாங்கும்னவரும் அவர்தான்."

அலுவலருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "நான் ஒண்ணு செய்யறேன். அந்த ஒலிப்பதிவை மாத்தச் சொல்றேன். 'இந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு தையல் கலைஞர் பணிபுரிகிறார்'னு சேர்த்துடலாம். உங்க பங்களிப்பும் வந்த மாதிரி இருக்கும்."

அங்கியக்கா எழுந்தாள். "என்னைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. எனக்குப் பாராட்டுல ஊசி கோக்க வராது. என் பாதிச் சுவரு அது, என் ஜன்னலை நான் திறந்துக்கறேன். கேட்டுட்டுப் போக வரல, சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"திறந்தீங்கன்னா நோட்டீஸ் வரும்மா. நான்தான் அனுப்ப வேண்டியிருக்கும்."

"அனுப்புங்க. அது உங்க வேலை. இது என் வேலை."

வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தாளே தவிர, பேருந்தில் உட்கார்ந்தபோது பயம் வந்தது. நோட்டீஸ் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். அதை அனுப்புகிறவர்களுக்காகவும் வாங்குகிறவர்களுக்காகவும் வாதாடுகிறவர்கள்தான் அவள் அறையில் கையைத் தூக்கி அளவு கொடுத்துவிட்டுப் போகிறவர்கள். வக்கீலம்மாவிடம் கேட்டதற்கு, "கேஸ் போட்டா நிக்கும்க்கா. தீர்ப்பு வர்ற வரைக்கும் உங்க கண்ணு நிக்குமாங்கறதுதான் கேள்வி," என்றார். அந்தப் பதிலோடு அவளுக்குப் பயம் போயிற்று. காத்திருந்தாலும் போவது கண்தான் என்றால், காத்திருப்பானேன்.

ஜன்னலை அடைத்த கொத்தனாரையே தேடிப் பிடித்தாள். அவர் வந்து உள்பக்கச் சுவரை விரல் கணுவால் தட்டிப் பார்த்தார்.

"மேல உத்திரம் அப்படியே இருக்கு. கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகாது. மறுபடி திறப்பீங்கன்னு சொன்னதால கலவையைக்கூட லேசாத்தான் போட்டேன். ஆனா வெளியிலேர்ந்து கை வைக்க மாட்டேன்க்கா. நகராட்சி வேலை எனக்கு வேணும்."

"உள்ள இருந்து?"

"உள்ள உங்க வீடு. எப்படி எடுக்கறதுன்னு வாயால சொல்றேன், உளி நீங்க பிடிங்க." கொஞ்சம் யோசித்தார். "ராத்திரியில வச்சுக்கலாமா? ஊர் அடங்கினப்புறம்?"

"எதுக்கு? என் ஜன்னலை நான் திருடறேனா? சனிக்கிழமை காலையில வாங்க. எல்லாரும் இருக்கும்போது."

சனிக்கிழமை காலை தைத்த அங்கிகளையெல்லாம் பழைய போர்வையில் சுற்றிப் படுக்கையறையில் வைத்தாள். மிஷினுக்கு மேல் சாக்கைப் போட்டு மூடினாள். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு உளியை வாங்கினாள். முதல் கல் முரண்டு பிடித்தது. அது வந்ததும் மற்றவை, பல் ஆடிய கிழவர் வாய் மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றன. ஒவ்வொன்றையும் உள்பக்கமாக இழுத்துத் தரையில் அடுக்கினாள். கொத்தனார் முக்காலியில் உட்கார்ந்து, "அதைத் தொடாதீங்க, பக்கத்துக் கல்லு, ஆங், அதுதான்," என்று பாட்டு வாத்தியார் மாதிரி கையாட்டிக்கொண்டிருந்தார்.

கல்லெல்லாம் வந்தபின் மிஞ்சியது வெளிப்பூச்சு மட்டும். ரொட்டித் துண்டு கனத்துக்கு ஒரு சிமெண்டுத் தோல். அதன் அந்தப் பக்கத்தில்தான் கொக்கின் தொண்டை. அதில் மயிரிழையாய் ஒரு கீறல் விழுந்து, வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே வந்து தரைத் தூசியில் விழுந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்போதுதான் சாவிக்காரர் படியேறி வந்தார். கையில் அரம் அப்படியே இருந்தது. கல் குவியலைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், நேராகப் போய் அந்தத் தோலுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"இதுக்குமேல என்னைத் தாண்டித்தான் கை வைக்கணும்."

"தள்ளிக்கோ அண்ணா."

"மாட்டேன்."

"கொக்குக்காக நிக்கறியா, கீழ நிக்கற கூட்டத்துக்காக நிக்கறியா?"

அவர் குரல் இறங்கியது. "வாழ்நாள் பூரா குனிஞ்சு சாவி வெட்டினேன். வெட்டின சாவியெல்லாம் அவனவன் பாக்கெட்ல போயிடுச்சு. ஒருத்தன் நின்னு என் கடையை நிமிர்ந்து பாத்ததில்ல. இது வந்தப்புறம்தான் பாக்கறாங்க. உனக்கு ஊர்ல பேரு இருக்கு. எனக்கு என்ன இருக்கு, சொல்லு?"

அண்ணன் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. ஆனால் உளியைக் கீழே வைக்கவில்லை.

"அந்தப் பேரு போகுதுண்ணா. ஒரு கையைத் திருப்பித் தைச்சாச்சு, அடுத்தது கழுத்தைத் திருப்பித் தைப்பேன். அவங்க நிமிர்ந்து பாக்கட்டும், நான் வேண்டாங்கல. பாக்கும்போது நானும் தெரியணும். அவ்வளவுதான்."

"ரெண்டு பேரும் சீக்கிரம் முடிவுக்கு வாங்க," என்றார் கொத்தனார் முக்காலியிலிருந்து. "அது யாரைக் கேட்டும் நிக்கற மாதிரி தெரியல. கீழ ஆளுங்க இருக்காங்க."

சாவிக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் சாய்ந்திருந்த இடத்திலிருந்து கீறல் இன்னும் இரண்டு கிளை விட்டிருந்தது. அதன் வழியாகக் கீழே பார்த்தவர், "அட கடவுளே," என்று படிகளில் தடதடவென்று இறங்கினார். அடுத்த நிமிஷம் தெருவில் அவர் குரல் கேட்டது. "அந்தப் பக்கம் போங்க. எல்லாரும் அந்தப் பக்கம். அம்மா, போட்டோ அப்புறம் எடுக்கலாம், முதல்ல தலையைக் காப்பாத்திக்கோங்க. என்ன நடக்குதா? என் தங்கச்சி நடக்கறா, வேற என்ன." கடையிலிருந்து கயிறு எடுத்து, இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் கட்டினார். பிறகு மேலே பார்த்து, எவ்வளவு கோபமாக முடியுமோ அவ்வளவு கோபமாகக் கத்தினார். "காலியா இருக்கு. இடி."

அவள் இடித்தாள்.

தொண்டை துண்டுதுண்டாகத் தெருவில் விழுந்து நொறுங்கியது. தூசி அடங்க நேரமாயிற்று. வெளிச்சம் மட்டும் காத்திருக்கவில்லை. அறைக்குள் வந்து, மூலையில் கிடந்த நூல்கண்டு வரைக்கும் போய்த் தொட்டது. அங்கியக்கா முதலில் வெளியே பார்க்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து ஒரு கறுப்புத் துணியை உருவி எடுத்து அந்த வெளிச்சத்தில் பிடித்தாள். முகம் முகமாகத் தெரிந்தது, முதுகு முதுகாகத் தெரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தூசி என்றாள் கொத்தனாரிடம். அவர் தலையை ஆட்டினார்.

பிறகு தலையை நீட்டி எட்டிப் பார்த்தாள். கீழே கயிற்றுக்கு அப்பால் ஒரு சின்னக் கூட்டம், எல்லோர் கையிலும் கைபேசி. கொக்கின் கழுத்தில் துணி கட்டிய ஒரு பெண் தலை முளைத்ததும் எல்லோரும் கைபேசியைத் தூக்கினார்கள். பிறகு ஒருவர் கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். "இதுவும் நடையில சேர்த்தியா? எத்தனை மணிக்கு எத்தனை மணிக்குச் செய்வீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"கைதட்டாதீங்க," என்றாள் அங்கியக்கா. "வேலை பாக்கற இடம் இது."

நோட்டீஸ் சொன்ன மாதிரியே வந்தது. அதைக் கொண்டுவந்த அலுவலரிடம் சாவிக்காரர், "சுவரு ரெண்டு பேருக்கும் பாதி. இடிஞ்சது அவ பாதி. மேல போய்க் கேட்டுக்கோங்க," என்று கைகாட்டிவிட்டு அரத்தை எடுத்துக்கொண்டார். தங்கையோடு அவர் இன்னும் பேசவில்லை. சாப்பாடு ஆயிற்றா என்று அண்ணி மூலமாகக் கேட்கிறார், அவளும் அண்ணி மூலமாகவே ஆயிற்று என்கிறாள். ஓவியத்தைச் சிதைத்ததற்காக வழக்கு. பழையபடி ஜன்னலை அடைத்துத் தர வேண்டும் என்று நகராட்சி கேட்டிருந்தது. அவளுக்காக வக்கீலம்மா எடுத்துக்கொண்டார்.

விசாரணைக்குக் கொஞ்ச நாள் முன்பு, படியில் தயங்கித் தயங்கி ஏறி வருகிற சத்தம் கேட்டது. நகராட்சியின் வக்கீல். கையில் ஒரு பை.

"உங்ககிட்ட வரலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டுத்தான் வந்தேன். தோள்பட்டை கிழிஞ்சுபோச்சு. நம்ம கேஸுக்கு இதைத்தான் போட்டாகணும். வேற யாருக்கும் இந்த மடிப்பு பிடிபடல."

"இப்படி ஜன்னல்கிட்ட வந்து நில்லுங்க," என்றாள்.

அவர் வந்து நின்றார். அங்கியை அவர் தோளில் போட்டு, சுற்றிச் சுற்றி வந்து, கிழிந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கிழிசல் பெரிதில்லை, ஆனால் பட்டையையே பிரித்துப் புதிதாக வைக்க வேண்டும் என்றாள். மடிப்பு பழசு, அதையும் எடுத்துவிட்டு முழுசாகத் தைத்துத் தருகிறேன் என்றாள்.

வக்கீலுக்கு வெளியே பார்ப்பதா உள்ளே பார்ப்பதா என்று தெரியவில்லை. "எதிர்க்கட்சி வக்கீலுக்கு இவ்வளவு அக்கறையா பண்றீங்களேம்மா. உங்க ஜன்னலை மூடறதுக்குத்தான் இதைப் போட்டுட்டு நிக்கப்போறேன்."

"நல்லா நில்லுங்க. கிழிஞ்ச அங்கியோட வந்து தோத்தீங்கன்னா, அங்கியாலதான் தோத்தேன்னு சொல்லிடுவீங்க." அளவு நாடாவை அவர் முதுகில் வைத்தாள். "கையைத் தூக்குங்க."